புள்ளி காட்டின வீடு

அண்ணை, குறை நினையாதேங்கோ, அந்தப் போனை உள்ளுக்கு வையுங்கோ. உள்பொக்கெட்டுக்குள்ளை. ஓம், சிப்பையும் இழுத்து விடுங்கோ. தமிழெண்டு எப்பிடிக் கண்டுபிடிச்சனான் எண்டோ? நீங்கள் இப்ப அதிலை கதைச்சது கேட்டது. ஆனா வெளிநாட்டிலை இருந்து வந்து நிக்கிறியள் எண்டு அதுக்கு முதலே தெரியும். கனடாவோ? நினைச்சனான். லண்டனிலை இருக்கிற ஒருத்தனும் பஸ் ஸ்டாப்பிலை போனை வெத்திலைத் தட்டம் மாதிரி நீட்டிக்கொண்டு நிக்க மாட்டான்.

பஸ் வரும். அந்தப் போர்ட்டை நம்பாதேங்கோ. வருது வருது எண்டு காட்டும், பிறகு ஒண்டும் சொல்லாமல் அழிச்சுப் போட்டு அடுத்த பஸ்ஸைக் காட்டும். உந்த அரசாங்கமும் உப்பிடித்தான். குளிர் காலத்துக்கு வயசானவைக்குக் குடுத்த ஹீட்டிங் காசை வெட்டினாங்கள். ஆக்கள் கத்தினாப் பிறகு திருப்பித் தாறம் எண்டாங்கள். வெட்டவும் தெரியாது, குடுக்கவும் தெரியாது. இதிலை இருங்கோ. வடிவா இருக்கேலாது. வீடில்லாதவன் படுத்திடுவான் எண்டு இருக்கையைச் சரிவாச் செய்து வைச்சிருக்கிறாங்கள். சும்மா சாஞ்சு நில்லுங்கோ.

என்ர போனைப் பறிச்சது இந்த ரோட்டிலைதான். அந்த மருந்துக்கடை தெரியுதே, அதுக்கு முன்னாலை. போன வருசம், மழைக்காலம் துவங்கின கையோடை. மனுசியின்ர பிரஷர் குளிசை எடுக்க வந்து காரை நிப்பாட்டினன். முந்தி அந்த இடத்திலை ஒரு மெசின் நிண்டது. சில்லறை போட்டா டிக்கெட் துப்பும். ஒழுங்கா வேலை செய்த மெசின். அதைப் பிடுங்கிப் போட்டு ஒரு பலகை அடிச்சிருக்கிறாங்கள், போனாலை கட்டு எண்டு. அதுக்கொரு ஆப். அந்த ஆப்புக்கு ஒரு பாஸ்வேர்ட். நான் மழைக்குள்ளை கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சு கார் நம்பரை அடிக்கிறன், பின்னாலை ஒரு சத்தமும் இல்லை. கரண்ட் சைக்கிள். முகத்தை மூடின ஒருத்தன், வெள்ளையோ கறுப்போ எங்கட ஆளோ எண்டும் சொல்லேலாது. கையிலை இருந்த போன் இல்லை. கை அப்பிடியே நிக்குது, விரல் இன்னும் அடிச்சுக்கொண்டிருக்குது.

இதிலை பெரிய பகிடி என்னெண்டா, காசு கட்டாமல் காரை நிப்பாட்டினது எண்டு எனக்குத் தண்டமும் வந்தது. பறிச்சவனைக் காண ஒரு கமரா இல்லை. என்ர காரைக் காண மட்டும் கமரா இருக்கு.

நான் பெற்றோல் ஸ்டேஷனிலை கல்லாவிலை நிண்ட ஆள், அண்ணை. இந்த நாட்டுக்கு வந்த நாளிலை இருந்து ரிட்டயராகும் மட்டும் அந்த ஒரு வேலைதான். கள்ளனைக் கண்டா எனக்குத் தெரியும். அந்தக் காலத்திலை ஒருத்தன் பெற்றோல் அடிச்சிட்டுக் காசு குடாமல் ஓடினாலும் பொலிஸ் வந்து நிண்டு கேக்கும், ஆள் எப்பிடி, உயரம் எப்பிடி எண்டு. இப்ப? எங்கட பக்கத்துப் பொலிஸ் ஸ்டேஷனை வித்துப் போட்டாங்கள். அதிலை இப்ப பிளாட் கட்டியிருக்கு, கீழை கோப்பிக்கடை. கள்ளன் போய்க் கோப்பி குடிக்கலாம்.

வீட்டுக்குப் போனன். கதவு திறக்கேலாது. கதவுப் பூட்டும் போனிலைதானே. பெல்லும் போனிலை. ஹீட்டரும் போனிலை. உந்தச் சாமானெல்லாம் வாங்கிப் பூட்டினது நான்தான், அது வேற கதை, மலிவு விலை போட்டிருந்தான். சாவியை வைச்சிரப்பா எண்டு யோகம் சொன்னவள்தான். யோகம் எண்டது என்ர மனுசி. அவள் இன்னும் வேலைக்குப் போறாள், ஸ்ட்ராட்ஃபோர்டிலை வயசானவையைப் பராமரிக்கிற இல்லத்திலை. நான் மழைக்குள்ளை என்ர வாசல்படியிலை பிச்சைக்காரன் மாதிரிக் குந்தியிருக்கிறன். அப்ப கதவு கதைக்குது. "என்னப்பா, வாசலிலை இருந்து என்ன செய்யிறியள்?" எண்டு. யோகத்தின்ர குரல். பெல்லிலை இருக்கிற கமராவாலை வேலையிலை நிண்டு என்னைப் பாக்கிறாள். அங்கை இருந்தே அமத்திப் பூட்டைத் திறந்து விட்டாள். பாருங்கோ அநியாயத்தை. வீட்டுக்காரன் தன்ர வீட்டுக்குள்ளை போக ஸ்ட்ராட்ஃபோர்டிலை இருந்து உத்தரவு வரவேணும்.

வீட்டுப் போனிலை பொலிசுக்கு அடிச்சன். ஒரு பாட்டுப் போச்சுது, தேத்தண்ணி போட்டுக் குடிச்சு முடிச்சும் அந்தப் பாட்டுப் போச்சுது. கடைசியிலை ஒரு பிள்ளை வந்து எல்லாத்தையும் கேட்டுப் பதிஞ்சாள். அடுத்தநாள் காலமை ஈமெயில். விசாரணை முடிஞ்சுதாம், துப்பு இல்லையாம். அதுக்குக் கீழை, எங்கட சேவை எப்பிடி எண்டு நட்சத்திரம் போடட்டாம். விசாரணை எங்கை துவங்கினது எண்டு நான் கேக்கிறன்.

யோகம் அப்பதான் மெல்லமாச் சொன்னாள், சிந்துவைக் கேட்டுப் பாப்பமே எண்டு. நான் கோப்பையைத் தூக்கி சிங்குக்குள்ளை போட்டிட்டு எழும்பிப் போட்டன்.

சிந்து எண்டது எங்கட மகள், சிந்துஜா. ஒரே பிள்ளை. கணக்கியல் படிச்சுப் பட்டம் எடுத்தவள். நல்ல கம்பனியிலை இருந்தவள். இருந்தாப்போலை ஒருநாள் வந்து, நான் பொலிசுக்குப் போறன் எண்டாள். அண்டையிலை இருந்து நான் அவளோடை கதைக்கேல்லை. மூண்டு வருசம். சனம் கேட்டா அரசாங்க உத்தியோகம் எண்டு மட்டும் சொல்லுவன், அதிலை பொய் இல்லைத்தானே.

நீங்களும் அந்தச் சண்டை நேரத்து ஆள் மாதிரித்தான் கிடக்கு, உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காக்கி எண்டா என்ன எண்டு எனக்குத் தெரியும். ஊரிலை எங்கட சந்தியிலை ஒருநாள் ரவுண்டப், சுத்திவளைப்பு. ஆம்பிளையள் எல்லாரையும் ரோட்டிலை முழங்காலிலை இருத்தினாங்கள், கை ரெண்டும் தலையிலை. வெயில். பின்னேரம் எழும்பிப் போங்கோ எண்டாங்கள். நான் எழும்பினன். எனக்குப் பக்கத்திலை இருந்த என்ர தம்பி இரவியை எழும்ப விடேல்லை, ட்ரக்கிலை ஏத்தினாங்கள். அம்மா சாகும் மட்டும் ஒவ்வொரு பொலிஸ் ஸ்டேஷனாப் போய்க் கேட்டவ. அப்பிடி ஒருத்தரும் இஞ்சை வரேல்லை எண்டு எல்லாரும் ஒரே மாதிரிச் சொன்னாங்கள். சரி, அதை விடுங்கோ. அது அந்த நாட்டுக் கதை. நான் சொல்ல வந்தது இந்த நாட்டு அநியாயம்.

எங்கை விட்டனான்? ஓம், புள்ளி.

வீட்டிலை ஒரு டேப்லெட் கிடக்கு. அதிலை பாத்தா என்ர போன் எங்கை நிக்குது எண்டு காட்டும், மேப்பிலை ஒரு நீலப் புள்ளி. டாகனம் எண்டு லண்டன் கரையிலை ஒரு இடம், அதிலை ஒரு வீட்டுக்கு மேலை நிக்குது. அண்டைக்கும் நிண்டது, அடுத்தநாளும் அதே இடம். திரும்பப் பொலிசுக்கு அடிச்சன். கள்ளன் இருக்கிற வீட்டை நான் சொல்லுறன், ஆளை அனுப்புங்கோ எண்டன். புள்ளி திடமில்லையாம். பக்கத்து வீடாவும் இருக்கலாமாம், பின்வீடாவும் இருக்கலாமாம். தேடுறதுக்கு அனுமதி வேணுமாம். தயவு செய்து நீங்கள் போகாதேங்கோ எண்டும் சொன்னாள். அதைமட்டும் வடிவாச் சொன்னாள்.

போனன். போகாமல் என்ன செய்யிறது? யோகம் மறிச்சவள், நான் கேக்கேல்லை. பஸ் எடுத்துப் போனன், காரை நிப்பாட்டிக் காசு கட்டப் போன் இல்லையே, டேப்லெட்டைக் கோட்டுக்குள்ளை மறைச்சுக்கொண்டு. வரிசை வீடு. புள்ளி நேர அந்தக் கதவுக்கு மேலை. என்ர வீட்டிலை இருக்கிற அதே மாதிரிப் பெல், அதே கமரா. அமத்தினன்.

ஒரு வெள்ளைக்காரக் கிழவி திறந்தா. கையிலை பிடிச்சு நடக்கிற சட்டம், காலிலை கம்பளிச் செருப்பு. என்னை மேலை கீழை பாத்தா. நான் மரியாதையாத்தான் கேட்டன், போனைத் தாங்கோ எண்டு. எந்தப் போன் எண்டா. உங்கட வீட்டிலைதான் இருக்கு, பேரன்மார் ஆராவது இருக்கினமோ எண்டு கேட்டன். கதவைச் சாத்திப் போட்டா. பாத்தியளோ, ஒளிக்க ஒண்டுமில்லாத ஆள் ஏன் கதவைச் சாத்துவான்? திரும்ப அமத்தினன். திரும்பத் திரும்ப அமத்தினன். கடிதம் போடுற ஓட்டையாலை குனிஞ்சு கூப்பிட்டன். யன்னலாலை எட்டிப் பாத்தன், டேப்லெட்டைக் கண்ணாடியிலை வைச்சுப் புள்ளியைக் காட்டினன். ஒரு கேவலமான சொல்லும் நான் சொல்லேல்லை. குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கும். அவ்வளவுதான்.

உடனை வந்தாங்கள். ரெண்டு கார், லைட் அடிச்சுக்கொண்டு. என்ர போனுக்கு வராதவங்கள் எனக்கு வந்தாங்கள், அண்ணை. அதுக்கு ஆள் இருக்கு, அதுக்குப் பெற்றோல் இருக்கு.

ஒரு வெள்ளைப் பெடியன் முன்னுக்கு வந்தான், மீசை முளைச்சும் முளையாத வயசு. உடுப்பெல்லாம் கறுப்பு, இடுப்பைச் சுத்தி என்னென்னவோ தொங்குது. அவன் கேற்றைத் திறந்துகொண்டு வர நான் திரும்பினன். மழை பெஞ்ச நிலம். கல்லு வழுக்கிச்சு. நான் முழங்காலிலை விழுந்து போட்டன். அவ்வளவுதான் நடந்தது. டேப்லெட் ஒருபக்கம் போச்சுது. கை தலையிலை இருந்தது. விழேக்கை கை எங்கையாவது போகும்தானே.

பெடியன் வெருண்டு போனான். "சேர், எழும்புங்கோ. நான் உங்களை ஒண்டும் செய்யச் சொல்லேல்லை, சேர்" எண்டு திரும்பத் திரும்பச் சொன்னான். எனக்குக் கேட்டது. ஆனா காலுக்குக் கேக்கேல்லை. வயசு போனா அப்பிடித்தான், ஒருக்கா விழுந்தா எழும்பக் கொஞ்ச நேரம் எடுக்கும். கடைசியிலை அவனும் எனக்கு முன்னாலை அந்தச் சகதியிலை குந்தினான். ஆரையும் கூப்பிடவோ எண்டு கேட்டான்.

ஆரை எண்டு கூப்பிடுறது? யோகத்தின்ர நம்பர் எனக்குத் தெரியாது. உங்களுக்கு உங்கட மனுசியின்ர நம்பர் பாடமோ? சொல்லுங்கோ பாப்பம். தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது. மூளையை எல்லாரும் பொக்கெட்டுக்குள்ளை கொண்டு திரியினம்.

ஒரு நம்பர்தான் எனக்குத் தெரியும். சிந்து பள்ளிக்கூடம் போகேக்கை நான் வாங்கிக் குடுத்த போன், இன்னும் அதே நம்பர். அந்தக் காலத்திலை அதுக்குக் காசு போட்டது எங்கட பெற்றோல் ஸ்டேஷன் கடையிலை நான்தான். கிழமைக்கு ஒருக்கா நம்பரைக் கல்லா மெசினிலை அடிச்சு அடிச்சு விரலுக்குப் பாடம். வாயாலை சொல்லத் தெரியேல்லை. போனைத் தா எண்டு வாங்கினன், விரல் தன்பாட்டிலை அடிச்சுது.

"ஹலோ" எண்டாள்.

"ஆரது? அப்பாவோ?"

பெடியனிட்டைக் குடுத்திட்டன்.

அவளுக்கு அண்டைக்கு லீவு. ஓடுற சப்பாத்தும் தொளதொளத்த சட்டையுமா வந்து இறங்கினாள், தலை கூடச் சீவி இழுக்கேல்லை. நானும் உந்தப் பொலிஸ் உடுப்புப் போடுறவள்தான் எண்டு அந்தப் பெடியனுக்குக் காட்டுவாள், ரெண்டு வார்த்தையிலை அலுவல் முடியும் எண்டு நினைச்சன். செய்யேல்லை, அண்ணை. அவன் சொல்லுறதெல்லாத்தையும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள், ஏதோ குற்றவாளியின்ர வீட்டு ஆள் மாதிரி. பிறகு என்ர கையைப் பிடிச்சு எழுப்பினாள். என்ர முழங்காலிலை இருந்த சேத்தை உள்ளங்கையாலை தட்டினாள். தட்டிப் போட்டு, "வாங்கோ, அந்த அம்மாட்டை மன்னிப்புக் கேப்பம்" எண்டாள்.

நான் ஏன் கேக்கவேணும்? கேட்டன். மூண்டு வருசத்துக்குப் பிறகு அவள் என்னைக் கேட்ட முதல் காரியம் எண்டபடியாலை கேட்டன், வேற ஒண்டுமில்லை.

கிழவி உள்ளுக்கு விட்டா. டொரீன் எண்டு பேர். நடக்கிற சட்டத்தை எனக்கும் தனக்கும் நடுவிலை வைச்சுக்கொண்டுதான் இருந்தா. பேரன் ஒருத்தனும் இல்லை, புருசன் செத்துப்போனான், தனிய இருக்கிறா. நான் மன்னிப்புக் கேட்டு முடிய, "போன் கிடைச்சுதோ?" எண்டு கேட்டா. இல்லை எண்டன். தன்ர கைப்பையை ரோட்டிலை வைச்சுப் பறிச்சவங்களாம், பொலிசுக்குச் சொன்னதுக்கு முறைப்பாட்டு நம்பர் ஒண்டு மட்டும் குடுத்தவங்களாம். ஹீட்டிங் காசைப் பற்றிக் கேட்டன், வெட்டேக்கை தானும் போர்வைக்குள்ளைதான் இருந்தவவாம். பாங்கை மூடிப் போட்டாங்களாம், ஆப்பிலை செய்யட்டாம், தன்ர விரலைப் போன் மதிக்குதில்லையாம். அதே கதைதான் எனக்கும் எண்டன். அந்த மனுசிக்கு எல்லாம் விளங்குது. இந்த நாட்டிலை அறிவா ஒரு ஆளோடை நான் கதைச்சது அண்டைக்குத்தான். பெடியன் வாசலிலை தொப்பியைக் கையிலை வைச்சுக்கொண்டு நிண்டான். நாங்கள் அவனைப் பாத்துப் பாத்துத்தான் பொலிசைப் பேசினம். கேட்டுக்கொண்டு நிண்டான், பாவம்.

எச்சரிக்கை செய்து விட்டாங்கள். எனக்கு எச்சரிக்கை.

திரும்பி வந்தது அவளின்ர காரிலை. ரோட்டைப் பாத்தபடி கேட்டாள்.

"அப்பா, அந்தப் பெடியன் உங்களைக் கீழை இருக்கச் சொன்னவனோ?"

"இல்லை. வழுக்கிச்சு."

"தான் ஏதும் பிழை செய்திட்டனோ எண்டு என்னட்டைக் கேட்டவன். அழுமாப் போலை நிண்டவன்."

"புதுப் பெடியன். ட்ரெய்னிங் காணாது" எண்டன்.

அவள் காரை ஒரு கரையிலை நிப்பாட்டினாள். நிப்பாட்டிப் போட்டு, ஸ்டியரிங்கை விடாமல், "இரவிச் சித்தப்பாவை எப்பிடிக் கொண்டு போனவங்கள் எண்டு நீங்கள் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை. அம்மாதான் சொன்னவ" எண்டாள்.

"தெரிஞ்சிருந்தா நீ உந்த வேலைக்குப் போயிருக்க மாட்டாய்."

"தெரிஞ்சுதான் போனனான். அப்பம்மா ஒவ்வொரு ஸ்டேஷனாப் போய்க் கேட்டவ எண்டு அம்மா சொன்னவ. ஆராவது வந்து கேட்டா, நான் மறுமொழி சொல்லுவன் அப்பா."

நான் வெளியிலை பாத்தன். மஞ்சள் கோட்டிலை நிக்குது கார். இதிலை நிப்பாட்டேலாது, தண்டம் வரும் எண்டன். அவள் சிரிச்சாளோ என்ன செய்தாளோ, மூக்கைத் துடைச்சுப் போட்டு எடுத்தாள். பொலிசுக்கே மஞ்சள் கோடு தெரியேல்லை, சொல்லுங்கோ.

போனோ? போன் போயிட்டுது. கொஞ்ச நாளாலை டேப்லெட்டைத் திறந்தா புள்ளி சீனாவிலை நிக்குது. டொரீன்ர வீட்டுக்குப் பின்னாலை ஒரு கராஜ் வரிசை, அதுக்குள்ளை வைச்சிருந்திருப்பாங்கள் எண்டு சிந்து சொன்னாள். நான் அப்பவே சொன்னனான் டாகனம் எண்டு. பின்வளவு முன்வளவு, அது சின்ன வித்தியாசம்.

இப்ப எங்கை போறன் எண்டோ? டொரீனிட்டைத்தான். கிழமைக்கு ஒருக்காப் போறனான். யோகம் சூப் குடுத்து விடுவாள், எங்கட உறைப்பில்லாமல். இருந்து ரெண்டு பேரும் அரசாங்கத்தைப் பேசுவம். மனுசிக்கு வேற ஆர் இருக்கினம்?

சிந்துவும் ஞாயிற்றுக்கிழமையள் வேலைக்குப் போற வழியிலை வீட்டை வாறாள். பெரிசா ஒண்டுமில்லை, ஹீட்டர் ஆப்பைத் திருத்தித் தரத்தான் வாறவள். அது கிழமைக்கு ஒருக்காப் பிழைக்கும். ஏன் பிழைக்குது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது, சனிக்கிழமை வரைக்கும் நல்லா வேலை செய்யும். நானும் சும்மா சும்மா அமத்திப் பாக்கிறனான், அதாலையோ தெரியாது. தாயும் மகளும் குசினிக்குள்ளை இருந்து சாப்பிடுவினம், கதை முடியாது. அவளின்ர வேலைச் சப்பாத்து வாசலிலை ஒரு பையிலை கிடக்கும். கறுப்புச் சப்பாத்து, தடிச்ச அடி, உயரமாக் கட்டுறது. தெரியும்தானே அந்தச் சாதிச் சப்பாத்து. எங்கட ஒழுங்கையிலை அது வாற சத்தம் கேட்டா அம்மா விளக்கை நூத்துப் போடுவா.

அதுவும் எப்பிடிக் கிடக்குது எண்டு பாக்கவேணும் நீங்கள். ஒரே சேறு. கட்டுற நூல் இத்துப் போய். ஒரு நாட்டின்ர பொலிஸ், சப்பாத்து மினுக்கக்கூடத் தெரியாது. ட்ரெய்னிங்கிலை என்னத்தைப் பழக்கிறாங்கள்? அதாலை அவள் சாப்பிடுற நேரத்துக்குள்ளை நான்தான் எடுத்து வெளியிலை வைச்சுத் துடைச்சு, பொலிஷ் போட்டு, துணியாலை இழுத்து மினுக்கி வைக்கிறனான். புது நூலும் வாங்கிக் கோத்து விட்டிருக்கிறன். மழை எண்டா வழுக்கும் அண்ணை, இந்த நாட்டு ரோட்டு.